கெவுளி

தமிழ்க் கவிதையில் இப்போது பல்லி மலிந்துவிட்டது. கைக்கு வருகிற தொகுப்புகளைப் புரட்டினால் எங்காவது ஒரு சுவர், சுவரில் ஒரு பல்லி, அதைப் பார்த்துக்கொண்டு தூக்கம் வராத ஒரு ‘நான்’. பல்லி அசையாமல் இருந்தால் தனிமை. வால் அறுந்தால் பிரிவு. பூச்சியைப் பிடித்துவிட்டால் இருப்பின் குரூரம். இந்தப் பல்லிகளுக்கு வயிறு கிடையாது. எச்சம் போடுவதில்லை. முட்டையிடுவதில்லை. கவிஞனுக்குச் சௌகரியமான இடத்தில் வந்து நின்று, அவனுக்குத் தேவையான அர்த்தத்தைச் சுமந்துவிட்டுப் போய்விடுகின்றன. படிமம் என்ற பெயரில் ஒரு ஜந்துவை இவ்வளவு சுலபமாக வேலை வாங்க முடியுமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. பல்லியுடன் ஒரே வீட்டில் இருப்பது வேறு. பல்லியைப் பற்றி எழுதுவது வேறு என்று ஆகிவிட்டது.

சங்கக் கவிதையில் வருகிற பல்லி இப்படி இல்லை. அகநானூற்று ஒன்பதாம் பாட்டில், கன்றுகள் திரும்பும் மாலை வேளையில் ஒரு பெண் பெரிய வீட்டின் ஒரு பக்கமாக நிற்கிறாள். பக்கத்தில் பல்லி ஒலிக்கும்போதெல்லாம் அதை வாழ்த்துகிறாள். பாட்டு அவளுடையதுகூட இல்லை. போர் முடிந்து திரும்பிக்கொண்டிருப்பவன், தன் நெஞ்சு தனக்கு முன்னால் ஓடி அவளிடம் போய்ச் சேர்ந்துவிட்டதாகச் சொல்வது. குறுந்தொகைப் பதினாறில் பல்லி வீட்டில் இல்லை, கள்ளிக்காட்டில் இருக்கிறது. அது துணையை அழைக்கும் சப்தம், வழிப்பறிக் கள்வர்கள் அம்பின் முனையை நகத்தில் புரட்டிப் பார்க்கும்போது எழும் சப்தம் மாதிரி இருக்கிறது என்கிறார் பாலை பாடிய பெருங்கடுங்கோ. இரும்பை நகத்தில் சுண்டிப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு நுட்பமான காது என்பது தெரியும். நற்றிணை 98இல் இன்னும் விசேஷம். தினைப்புனத்தில் பொறி வைத்திருக்கிறார்கள். குறுகலான வழியில் நுழையப்போகிற காட்டுப்பன்றி பக்கத்தில் பல்லி சொல்வதைக் கேட்டு, மெல்ல மெல்லப் பின்னால் நகர்ந்து தன் கல் அளைக்கே திரும்பிவிடுகிறது. உக்கிரப் பெருவழுதி பன்றிக்கும் சகுன நம்பிக்கையைக் கொடுத்துவிட்டார். பன்றி பிழைத்துக்கொண்டது என்பதையும் கவனிக்க வேண்டும்.

இந்த மூன்று இடங்களிலும் பல்லியை யாரும் பார்க்கவில்லை, கேட்கிறார்கள். சங்கப் பல்லி காதுக்குரியது. புதுக்கவிதைப் பல்லி அநேகமாகக் கண்ணுக்குரியது, ஊமை. இதற்குக் காரணம் கவிஞர்களின் மனவார்ப்பு என்பதைவிட மின்சாரம் என்றே எனக்குத் தோன்றுகிறது. எண்ணெய் விளக்கு எரிந்த வீட்டில் உத்தரமும் மோட்டுவளையும் இருட்டில்தான் கிடந்தன. அந்த இருட்டிலிருந்து ஒரு சப்தம் வரும். சப்தத்துக்கு உடம்பு இல்லாதபோது அதற்கு வாக்கு என்கிற அந்தஸ்து சுலபமாகக் கிடைத்துவிடும். பிறகு பல்பும் டியூப் லைட்டும் வந்தன. டியூப் லைட் பூச்சிகளை இழுத்தது, பூச்சிகள் பல்லியை இழுத்தன, பல்லி வெளிச்சத்துக்கு வந்து நின்றது. வாக்குச் சொன்ன ஜந்து சுவரில் வாயைப் பிளந்துகொண்டு ஈசலைக் கவ்வுவதை எல்லோரும் பார்க்க நேர்ந்தது. அதன்பின் அதைப் படிமமாக்குவதைத் தவிர வேறு வழி இல்லாமல் போயிருக்கலாம்.

வெளிச்சம் என்றது வெறும் அனுமானம் இல்லை. நம் வீடுகளில் சத்தம் போடும் பல்லி பெரும்பாலும் ஹெமிடாக்டிலஸ் ஃப்ரெனேட்டஸ் என்ற இனம். 1836இல் இதற்கு விஞ்ஞானப் பெயர் கிடைத்தது. தெற்கு ஆசியாவும் தென்கிழக்கு ஆசியாவும் இதன் பூர்வீகம். சரக்கோடு சரக்காகக் கப்பலேறி, பசிபிக் தீவுகள் வரைக்கும் பரவியிருக்கிறது. ஹவாயில் இதற்கு முன் வீடுகளில் குடியிருந்தது வேறொரு சிறிய பல்லி. அதில் ஆணே கிடையாது, பெண்கள் தாமாகவே முட்டையிட்டுப் பெருகுகிற இனம். நம்முடையது போய்ச் சேர்ந்தபின் கட்டடங்களில் அது குறைந்துகொண்டே வந்தது. எப்படி என்று ஆராய்ந்தவர்கள் 1993இல் வெளியிட்ட முடிவு சுவாரசியமானது. பூச்சிகள் சிதறிக் கிடக்கும் இடத்தில் இரண்டும் ஒருவாறு சமாளித்துக்கொள்கின்றன. விளக்கு வெளிச்சத்தில் பூச்சிகள் ஒரே இடத்தில் குவியும்போது, உருவத்தில் பெரியதும் வேகமானதுமான நம் பல்லி எல்லாவற்றையும் வழித்துத் தின்றுவிடுகிறது. காட்டில் இல்லாத ஆதிக்கத்தை டியூப் லைட் கொடுத்திருக்கிறது.

பல்லியின் உடம்பைப் பற்றித் தெரிந்துகொள்வது கவிதைக்கு இடைஞ்சல் என்று ஒரு நண்பர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதற்கு இமை இல்லை. கண்மேல் கண்ணாடிபோல ஒரு செதில் மூடியிருக்கிறது. தூசி விழுந்தால் நாக்கை நீட்டி நக்கித் துடைத்துக்கொள்கிறது. கண்ணை மூடாமலே தூங்குகிறது. ஊர்வனவற்றில் பெரும்பாலானவை சீறுவதற்கு மேல் குரல் இல்லாதவை; பல்லி விதிவிலக்கு. ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் கெக்கோ என்ற பெயரே மலாய் மொழியில் அதன் சப்தத்தைப் போலச் செய்து வைத்த பெயர். பாதத்தில் பசை கிடையாது, உறிஞ்சு குழியும் கிடையாது. விரல்களின் அடியில் லட்சக்கணக்கில் நுண் மயிர்கள், ஒவ்வொரு மயிரின் நுனியும் நூற்றுக்கணக்கில் கிளை பிரிந்தது. இத்தனை நுனிகளும் சுவரை மிக நெருங்கித் தொடும்போது அணுத்திரள்களுக்கிடையே உண்டாகிற மிகப் பலவீனமான ஈர்ப்பு — வான் டெர் வால்ஸ் விசை என்கிறார்கள் — கூட்டுத்தொகையில் உடம்பைத் தாங்கிவிடுகிறது. 2000இலும் 2002இலும் வந்த ஆய்வுகளுக்குப் பிறகுதான் இது தெளிவாயிற்று. காய்ந்த டெஃப்லான் பரப்பில் மட்டும் அதன் ஜம்பம் சாய்வதில்லை. வால் அறுவதும் விபத்தல்ல. வால் எலும்பிலேயே முறிவதற்கென்று கோடு கிழித்து வைத்திருக்கிறது. அறுந்த துண்டு கொஞ்ச நேரம் துள்ளி எதிரியின் கவனத்தை இழுக்க, பல்லி தப்பிவிடுகிறது. திரும்ப முளைக்கிற வாலுக்குள் முதுகெலும்பு வருவதில்லை. குருத்தெலும்பால் ஆன ஒரு குழாய்தான். பார்வைக்கு வால். நம்மிடையே சில விமர்சன இயக்கங்கள் இப்படி முளைத்திருக்கின்றன. அதை வேறு சந்தர்ப்பத்தில் பேசலாம்.

ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம் என்ற பழமொழியும் விமர்சகர்களுக்கென்றே உண்டானதுதான். இந்தக் காலத்தில் கழுநீர்ப் பானை குறைந்துவிட்டது, ஏ.ஸி. பெட்டி வந்துவிட்டது. எங்கள் கிளையில் ஓடாமல் நின்றுபோன ஏ.ஸி.யைப் பிரித்த பையன், உள்ளே இருந்த மின்பலகையிலிருந்து கருகிய பல்லி ஒன்றை இடுக்கியால் எடுத்து மேஜைமேல் வைத்தான். பலகை போனது போனதுதான். ஏ.டி.எம். அறைக் கண்ணாடியில் உள்பக்கமாக வயிற்றை ஒட்டிக்கொண்டு இருப்பவையும் அநேகமாக எல்லா ஊரிலும் உண்டு.

சகுனத்துக்கு வருகிறேன். தமிழ் வீடுகளில் அதிகம் வாசிக்கப்பட்ட உரைநடை எது என்று ஒரு கணக்கெடுத்தால் பஞ்சாங்கத்தில் வருகிற ‘பல்லி விழும் பலன்’ முதலில் வந்தாலும் ஆச்சரியமில்லை. தலையில் விழுந்தால் கலகம், நெற்றியில் பட்டாபிஷேகம், முகத்தில் பந்து தரிசனம், பாதத்தில் பிரயாணம். பல பஞ்சாங்கங்களில் இடம் வலம் என்று இரண்டு பத்தியாகப் போட்டிருப்பார்கள், பற்று வரவு மாதிரி. மனித உடம்பை உச்சந்தலையிலிருந்து கால்விரல் வரைக்கும் இவ்வளவு கூசாமல் பட்டியல் போட்ட எழுத்து நம்மிடம் வேறு அதிகம் இல்லை. காஞ்சிபுரம் வரதராஜர் கோவிலில் தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லி என்று இரண்டு உருவங்களை மேலே பதித்து வைத்திருக்கிறார்கள். படியேறிப் போய்த் தொட்டுவிட்டு வந்தால் பல்லி விழுந்த தோஷம் விலகும் என்பது நம்பிக்கை. கௌதம முனிவரின் சீடர்கள் இருவர் பூஜைக்குக் கொண்டுவந்த தண்ணீரில் பல்லி கிடந்ததைக் கவனிக்கவில்லை, அதனால் பல்லியாகச் சபிக்கப்பட்டார்கள் என்று கதை. கவனக்குறைவுக்குத் தண்டனையாகக் கிடைத்த பிறவி என்பது இந்தக் கதையில் எனக்குப் பிடித்த விஷயம். இமை இல்லாமல் எந்நேரமும் விழித்திருக்கும் ஜந்துவாகப் போய்ப் பிறந்திருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்தில் சொல்கிற பல்லியைக் கெவுளி என்பார்கள். திருநெல்வேலியில் எங்கள் வீட்டில் கெவுளிக்கு மரியாதை இரண்டு விதமாகப் பிரிந்திருந்தது. அப்பா ஜவுளிக்கடையில் கணக்கெழுதியவர். இளவயதில் பெரியாரின் கூட்டங்களைத் தரையில் உட்கார்ந்து கேட்டவர். வீட்டுக்குள் பஞ்சாங்கம் வரக்கூடாது என்பது அவர் விதி. பஞ்சாங்கம் வருஷா வருஷம் வந்தது, அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்தது. அது அங்கே இருப்பது அவருக்குத் தெரியும் என்பது அம்மாவுக்கும் தெரியும். கெவுளி அடித்தால் அம்மா ஆள்காட்டி விரலால் தரையை மூன்று தட்டுத் தட்டுவாள். அப்பா பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், “பொண்டாட்டியக் கூப்பிடுது” என்பார். விஞ்ஞானப்படி அவர் சொன்னது ஏறக்குறையச் சரி. அதிகம் குரல் கொடுப்பது ஆண்பல்லிதான். துணையை அழைக்க, அல்லது இன்னோர் ஆணை எல்லைக்கு அப்பால் நிறுத்த.

2021 ஆவணியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலதுபக்கம் முழுதும் விழுந்து, பேச்சும் போய்விட்டது. மூளையின் இடதுபக்கம் அடைபட்டால் இரண்டும் சேர்ந்து போவது வழக்கம் என்றார் மருத்துவர். நாம் சொல்வது எவ்வளவு அவருக்குப் புரிகிறது என்பதை யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ஆமாம் என்றால் கண்ணை ஒரு தரம் மூடுங்கள், இல்லை என்றால் இரண்டு தரம் என்று பழக்கிப் பார்த்தோம். ஒரே கேள்விக்குக் காலையில் ஒரு தரம் மூடினார், மாலையில் இரண்டு தரம் மூடினார். மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி. பட்டாசலில் டியூப் லைட்டுக்கு நேர் கீழே கட்டில். அவர் பார்ப்பதற்கு மேலே மச்சும் அதில் இரண்டு மூன்று பல்லிகளும்தான் இருந்தன.

நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரவுகளில் அவர் கண் போகிற இடத்துக்கு என் கண்ணையும் கொண்டுபோவேன். அப்பா என்ன நினைக்கிறார் என்பது தெரியாது. என்ன பார்க்கிறார் என்பதாவது தெரியுமே என்றுதான். ஒரு பல்லிக்கு வால் மொண்ணை. அது விளக்குச் சட்டத்தின் இடதுமுனையைத் தனக்கென்று வைத்திருந்தது. இன்னொன்று அங்கே வந்தால், இரண்டும் ஒரு முழ தூரத்தில் வாலை நெளித்துக்கொண்டு நிற்கும். சண்டை வரும் என்று நான் காத்திருப்பேன், பெரும்பாலும் வராது. பூச்சியை நோக்கிப் போகும்போது ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். கொஞ்சம் நகர்ந்து, நின்று, மறுபடி நகர்ந்து, கடைசிச் சாண் தூரத்தை மட்டும் ஒரே பாய்ச்சலில். தவறவிட்டால் அதற்கு வருத்தம் ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை. இதையெல்லாம் அப்பா மணிக்கணக்காகப் பார்த்தார். அவர் கண் பின்தொடர்வதை நான் பார்த்தேன். அதில் புரிதல் இருந்ததா என்று மருத்துவரைப்போல என்னால் பரிசோதிக்க முடியாது.

வீட்டுக்கு வந்து குழாய் மாற்றிப்போகிற நர்ஸ், போர்வையில் கிடந்த எச்சத்தைக் காட்டி, இது கூடாது என்றார். அவர் சொன்னது நியாயம். பல்லிக்கு விஷம் கிடையாது. பல்லி விழுந்த சோறு என்று பத்திரிகைகளில் வருகிற பீதி பாதிக்கு மேல் மனப்பயம். ஆனால் அதன் குடலிலும் எச்சத்திலும் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். எழுந்து உட்கார முடியாதவருக்கு அது விளையாட்டு விஷயமில்லை. அக்கா சென்னையிலிருந்து போனில் சத்தம் போட்டாள்: “ஆஸ்பத்திரி மாதிரி இருக்க வேண்டிய ரூம்ல பல்லியாடா? ஆள் வச்சு மருந்தடிக்கச் சொல்லு.” அம்மா கூடாது என்றுவிட்டாள். காரணம் சொல்லவில்லை. அப்பாவைக் கேட்டேன். ஒரு தரம் மூடினார், பிறகு இன்னொரு தரமும் மூடினார். நடுவே இருந்த இடைவெளியை எப்படிக் கணக்கு வைப்பது என்று தெரியவில்லை. முடிவில் கட்டிலைச் சுற்றிக் கொசுவலை கட்டினேன். எச்சம் வலைமேல் விழும்; கறுப்பும் அதன் நுனியில் சுண்ணாம்பு வைத்தாற்போல வெள்ளையும். தினம் காலையில் துணியால் எடுத்துவிட்டு, வாரத்துக்கு ஒரு தரம் வலையைத் துவைத்தோம். இதில் நான் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. பல்லிகள் வலைமேல் இறங்கி நடக்க ஆரம்பித்தன. அப்பா முகத்துக்கு இரண்டடி உயரத்தில், கீழிருந்து பார்க்க, விளக்கு வெளிச்சம் ஊடுருவி, அதன் வயிறு தெரிந்தது. பெண்பல்லி ஒன்றின் வயிற்றில் இரண்டு முட்டைகள் தோலுக்குள் வெளிறிய ரோஜா நிறத்தில் இருந்தன. சுவரிலுள்ள பல்லியின் முதுகைத்தான் நாம் பார்த்திருக்கிறோம்.

அம்மாவின் காரணம் எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது. அவள் கேள்வி கேட்பாள்: “என்னங்க, கஞ்சி போதுமா?” மேலேயிருந்து கெவுளி அடித்தால், “போதுங்காக” என்று டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். முதல் தடவை இதைச் சொன்னபோது அப்பாவின் வாய் இடதுபக்கமாக இழுத்தது. அது சிரிப்பு என்றாள் அம்மா. பிறகு இது வழக்கமாயிற்று. எனக்கு எரிச்சலாக இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. பஞ்சாங்கத்தை வாசலுக்கு வெளியே நிறுத்திய மனிதருக்கு, அவர் வாய் அடைத்ததும் ஒரு பல்லியை வாயாக வைப்பது என்ன நியாயம்? ஒருவர் பேச முடியாதபோது அவர் சார்பில் அர்த்தம் சொல்கிறவர்களை எனக்கு இலக்கியத்திலேயே பிடிக்காது. ஆனால் கவனித்தபோது, அம்மாவின் வாசிப்பில் நான் படித்த பல விமர்சனங்களில் இல்லாத கறார் இருந்தது. கேள்வியை முதலில் சத்தமாகச் சொல்ல வேண்டும். சொன்னபின் மாற்றக் கூடாது. ஒற்றைச் சத்தம் கணக்கில் சேராது. தனக்கு வேண்டிய பதில் வரவில்லை என்று இரண்டாம் முறை கேட்கக் கூடாது. பணம், நிலம் சம்பந்தமாகக் கேட்கவே கூடாது. ஊர் நிலத்தை விற்பது பற்றி அக்கா வீட்டுக்காரர் பேச்செடுத்தபோது, “அத அவுகட்ட கேக்க முடியாதுய்யா. நீங்களே முடிவு பண்ணுங்க” என்றாள். ஒருநாள் இரவு வலை விலகியிருந்தபோது ஒரு பல்லி அப்பாவின் வலதுகைமேல் விழுந்து ஓடியது. அவருக்கு உறைக்கவில்லை. அம்மா உள்ளே போய் அரிசிப் பானைப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள். என்ன போட்டிருந்தது என்று சொல்லவில்லை.

2022 ஆனி கடைசியில் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. மருத்துவர் தெளிவாகச் சொன்னார்: ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் தீவிர சிகிச்சையில் வைத்து மூச்சுக் கருவி பொருத்துவோம், திரும்பி வருவார் என்று வாக்குக் கொடுக்க முடியாது, வீட்டிலேயே வைத்துக்கொள்வதானால் சிரமம் தெரியாமல் பார்த்துக்கொள்ள மருந்து தருகிறேன், காலைக்குள் சொல்லுங்கள். அக்கா ஆஸ்பத்திரி என்றாள். நான் வாய் திறக்கவில்லை. என்னிடம் அதற்குச் சொல் இல்லை. அன்றிரவு பட்டாசலுக்கு அடுத்த அறையில் படுத்திருந்தேன், கதவு திறந்திருந்தது. பதினொன்றரை மணி இருக்கும். அம்மாவின் குரல் கேட்டது: “என்னங்க, ஆஸ்பத்திரிக்குப் போவணுமா? இல்ல, இங்கயே இருக்கியளா?” பிறகு அப்பாவின் மூச்சு சத்தமும் மின்விசிறி சத்தமும். நான் தூங்கவில்லை. நாலு மணிக்கு அம்மா எழுந்து முகம் கழுவப் போகிறவரைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

காலையில் அடுப்படியில் வைத்து, “போவ வேண்டாங்காக” என்றாள். “கெவுளி சொல்லிச்சா?” என்று அக்கா போனில் கேட்டாள், அழுதுகொண்டே. “ஆமா. மூணு தரம்” என்றாள் அம்மா. பேசும்போது என்னைப் பார்க்கவில்லை. பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மருத்துவருக்குப் போன் செய்து, வீட்டிலேயே வைத்துக்கொள்கிறோம் என்றேன். அக்கா மறுநாள் மத்தியானம் வந்து சேர்ந்தாள். ஒன்பது நாள் இருந்தார்.

ஆண்பல்லிதான் அடிக்கும், சில இரவுகளில் அடிக்காமலே இருக்கும், மின்விசிறியின் இரைச்சலில் கட்டிலருகே கேட்டது அடுத்த அறைக்குக் கேட்காமலும் போகலாம் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்தவைதான். இவற்றை வைத்து அன்றைய இரவைப் பற்றி ஒரு முடிவுக்கு வர நான் முயலவில்லை. அம்மாவிடம் கேட்கவும் இல்லை. அகநானூற்றுப் பாட்டில் பல்லி உண்மையில் ஒலித்ததா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. வீட்டுக்கு இன்னும் வந்து சேராத ஒருவன், அவள் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று சொல்கிறான், அவ்வளவுதான்.

வருஷம் கழித்து வெள்ளையடித்தோம். டியூப் லைட்டைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. போட்டாயிற்று; பூச்சி அவ்வளவாக வருவதில்லை. சட்டத்தின் பின்னால் பொரிந்த முட்டை ஓடுகள் ஏழெட்டு இருந்தன, சுண்ணாம்புக் கட்டிபோலக் கெட்டியாகச் சுவரோடு ஒட்டிக்கொண்டு. பெயிண்டர் கத்தியால் சுரண்டியெடுத்தார். பல்லிகள் குறைந்திருக்கின்றன; போய்விடவில்லை. இப்போது கெவுளி அடித்தால் அம்மா தரையைத் தட்டுவதில்லை. டி.வி. சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கிறாள்.